அத்தைக்கு மட்டும் கிடையாத கையெழுத்து

அத்தியாயம் 14

போன வாரம் இலைசானே அத்தையைச் சக்கர நாற்காலியில் உட்கார்த்தி, ஆஸ்பத்திரி வாசலோடு நிறுத்திவிட்டேன். அதற்கு எனக்கு விழுந்த திட்டு கொஞ்சநஞ்சமில்லை. "அந்தம்மா கால் என்ன ஆச்சுன்னு சொல்லாம உங்களுக்கு எப்படித் தூக்கம் வருது?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். எனக்கு நன்றாகவே வந்தது. அத்தைதான் தூங்கவில்லை.

கதையைப் புதிதாகப் பிடித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் சேய்னி இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பல வருஷமாக நர்ஸ். மேலே படித்து, பரீட்சை எழுதி, இப்போது நோயாளிக்கு மருந்து எழுதிக் கையெழுத்துப் போடுகிற அதிகாரமும் வாங்கிவிட்டாள். அன்றைக்கு, டோங்கா தீவிலிருந்து இங்கே குடியேறிய அவள் ஜனங்களின் சர்ச்சில் பன்றி சுட்டு விருந்து நடந்தது. எல்லாரும் வாழ்த்தினார்கள், ஒரு வாயைத் தவிர.

அந்த ஒரு வாய் அவள் அப்பா செமிசியின் அக்கா இலைசானேயுடையது. டோங்கா வீட்டில் அப்பாவின் அக்கா சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. பிள்ளைக்குப் பெயர் வைப்பது அவள். கல்யாணக் கேக்கில் மேல் அடுக்கு போவது அவள் வீட்டுக்கு. அப்பேர்ப்பட்டவள் விருந்தில் எல்லார் காதிலும் விழும்படி, "ஊசி போடறவ ஊசி போடட்டும். மருந்து எழுதறது டாக்டர் வேலை" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து சர்ச்சைச் சேர்ந்த ஒருவரும் சேய்னி எழுதியதை வாங்குவதில்லை. சிரித்த முகத்தோடு சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, டாக்டர் வருகிற நாளுக்காகக் காத்திருக்கிறார்கள்.

இப்போது அந்த அத்தையே வார்டில் படுத்திருக்கிறாள்.

சின்னக் காயம்தான். சர்ச் சமையலறையில் கிழங்கு வெட்டுகிற பலகை காலில் விழுந்தது. சர்க்கரை உள்ள உடம்பு, யாரிடமாவது சொல்ல வேண்டாமா? காலுறைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நடந்திருக்கிறாள். இன்றைக்குப் பாதம் பூசணிக்காய் போல வீங்கி, சிவப்பு கணுக்காலுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"டாக்டர் எங்கே?"

காலையில் சேய்னி உள்ளே வந்ததும் முதல் கேள்வி இதுதான். அத்தை படுத்திருக்கும்போது மருமகள் நிமிர்ந்து நடக்கலாமா? இடுப்பை வளைத்து, தலையைத் தாழ்த்தி, "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே கட்டிலருகே போனாள். பக்கத்துக் கட்டிலம்மாள் இவள் எதையோ தொலைத்துவிட்டாள் என்று நினைத்து, தானும் எட்டித் தரையில் தேடினாள்.

"டாக்டர் ஹெலிகாப்டர்ல போயிருக்கார் அத்தை. மலைப்பாதையில லாரி கவுந்துடுச்சு. வர மத்தியானம் ஆயிடும்."

"ஆகட்டும். நான் எங்கே ஓடப் போறேன்? ஓடறதுக்குக் கால் வேணுமே."

"அதுவரைக்கும் தாங்காது. கிளெனிஸ் வந்து பார்த்து மருந்து எழுதுவாங்க."

"யாரு, அந்த ஆட்டுப்பண்ணைக்காரியா? அவளும் நர்ஸ்தானே?"

"ஆமா அத்தை. ஆனா எழுதற அதிகாரம் இருக்கு."

"அதிகாரம்! குடுத்தவன் என்னைக் கேட்டானா?" அத்தை காலை உணவுத் தட்டை ஒரு விரலால் தள்ளினாள். "எடுத்துட்டுப் போ. டாக்டர் முகத்தைப் பார்க்காம ஒரு வாய் சாப்பிட மாட்டேன், ஒரு சொட்டு மருந்து ஏத்திக்க மாட்டேன்."

சேய்னி தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வராந்தாவில் செமிசி. இறைச்சித் தொழிற்சாலையில் முழு ஆட்டைத் தோளில் தூக்கிப் போடுகிற மனுஷன், டோங்கா வழக்கப்படி மரியாதைக்காக இடுப்பில் பாய் கட்டி, மடியில் ஒரு பெரிய பாத்திரத்தை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி பிளாஸ்டிக் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அக்கா படுத்திருக்கிற அறைக்குள் தம்பி காலெடுத்து வைக்கக் கூடாது. அவள் உடம்பைப் பற்றிக் கேட்கவும் கூடாது. ஆகவே கேள்வியெல்லாம் சுவரைப் பார்த்துதான்.

"உள்ளே எல்லாம் எப்படி?"

"மருந்து வேண்டாங்கறாங்கப்பா. சாப்பாடும் வேண்டாமாம்."

"சாப்பிடலையா?" பாத்திர மூடியைத் திறக்கப் போனவர் கையை எடுத்துக்கொண்டார். உள்ளே தேங்காய்ப் பாலில் வெந்த சேப்பங்கீரையும் உப்புக்கறியும் மணத்தது. "அப்ப சரி. அக்கா சாப்பிட்டப்புறம் பார்த்துக்கலாம்."

"நீங்களாவது சாப்பிடுங்கப்பா. நெத்தியெல்லாம் வேர்த்திருக்கு."

"இங்கே ஹீட்டர் ஜாஸ்தி."

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா அத்தை..."

"நானா? அக்காவுக்கா?" அவர் நிஜமாகவே பயந்துபோனார். "சேய்னி, நீ எழுதினா நான் விஷமா இருந்தாலும் குடிப்பேன். ஆனா அக்காகிட்ட என்னைப் பேசச் சொல்லாதே."

சேய்னிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவளுக்கு இரண்டு கவலை. முதலாவது, அந்தக் கால். சர்ச்சில் சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் எத்தனை பேர் இப்படி ஒரு சின்னப் புண்ணில் ஆரம்பித்தவர்கள் என்று அவளுக்குத் தெரியும். இரண்டாவது, இன்றைக்கு அத்தை நர்ஸ் எழுதியதை வேண்டாமென்று திருப்பி அனுப்பினால் சேய்னியின் கையெழுத்தை அவள் ஜனங்களில் ஒருத்தரும் ஜென்மத்துக்கும் மதிக்க மாட்டார்கள்.

கிளெனிஸ் வந்தாள். ஊருக்கு வெளியே ஆட்டுப்பண்ணை, பேரன் பேத்தி எடுத்தவள், சத்தமாகப் பேசுகிறவள். "டாக்டர் ஆகணும்னா அப்பவே ஆகியிருப்பேனே, இந்த வயசுல எனக்கு எதுக்குப் பேனா?" என்று முரண்டு பிடித்துவிட்டு, கடைசியில் சேய்னியோடு சேர்ந்து பரீட்சை எழுதியவள்.

அத்தையின் காலை மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள். சிவப்பு எங்கே முடிகிறதோ அங்கே தோலின் மேல் பேனாவால் கோடு போட்டாள்.

"இந்தக் கோட்டைத் தாண்டி சிவப்பு ஏறக் கூடாது, இலைசானே. நரம்பு வழியா மருந்து ஏத்தணும். ஏத்தலாமா?"

"ஆமா," என்றாள் அத்தை, கன்னம் குழியச் சிரித்து.

"வீட்டுல சர்க்கரை மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"ஆமா ஆமா."

"நல்லதும்மா. போய் எல்லாம் எடுத்துட்டு வரேன்."

கிளெனிஸ் வெளியே வந்து, "தங்கமான பொம்பளை! நீ என்னவோ பயமுறுத்தினியே," என்றாள்.

"அது சரிங்கற ஆமா இல்ல," என்றாள் சேய்னி. "வெள்ளைக்காரங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்ற ஆமா. எங்க ஊர்ல முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ல மாட்டாங்க."

"அப்ப முடியாதுன்னா எப்படித் தெரியும்?"

"உள்ளே போய்ப் பாருங்க."

கிளெனிஸ் ஊசியோடு உள்ளே போனாள். அத்தை இரண்டு கையையும் போர்வைக்குள் விட்டு, கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். அந்த ஜெபம் முடிகிற வழியாக இல்லை. ஆபிரகாமில் ஆரம்பித்து மெதுவாக வந்துகொண்டிருந்தது. கிளெனிஸ் நின்று பார்த்தாள், கால் மாற்றி நின்றாள், கடைசியில் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டாள்.

சேய்னி மறுபடி உள்ளே போனபோது சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது.

அவள் கட்டிலருகே மண்டி போட்டு உட்கார்ந்தாள். "அத்தை, போதும். கண்ணைத் திறங்க."

அத்தை ஒரு கண்ணைத் திறந்தாள். "அவ போயிட்டாளா?"

"ஏன் அத்தை இப்படிப் பண்றீங்க? நர்ஸ் எழுதினா அது மருந்து இல்லையா?"

"நான் அப்படியா சொன்னேன்?"

"அப்படித்தான் சொன்னீங்க. விருந்துல, எல்லார் முன்னாடியும்."

"அது ஊருக்குச் சொன்னது. அந்தப் போதகர் பொண்டாட்டி தன் மக வக்கீல் வக்கீல்னு அலட்டிக்கிறா. நம்ம வீட்டுலயும் அப்படி அலட்டிக்கிட்டா நல்லாவா இருக்கும்? ரெண்டு போடு போட்டு வைக்கணுமில்ல?" அத்தை உதட்டைச் சுழித்தாள். "அது கெடக்கட்டும். நீ ஏன் அவளை அனுப்பினே? இந்த ஊர்ல கண்டவனுக்கெல்லாம் எழுதறியே. உன் அத்தைக்கு எழுதக் கை வரலையா?"

"நான் எழுதக் கூடாது அத்தை. சொந்தக்காரங்களுக்கு எழுதக் கூடாதுன்னு விதி இருக்கு."

"என்னது?"

"ரத்த சொந்தத்துக்கு எழுதக் கூடாது. வேற ஆள்தான் எழுதணும்."

அத்தை எழுந்து உட்கார்ந்தாள். கால் வலியெல்லாம் எங்கே போனதோ! "யார் வச்ச விதி? என் தம்பி மககிட்ட எது இருந்தாலும் அது எனக்குப் போகத்தான் மிச்சம் ஊருக்கு! உன் கல்யாணக் கேக்கு யாருக்கு வந்தது? உன் மொதப் புள்ளைக்குப் பேரு வச்சது யாரு? உன் மொதக் கையெழுத்து மட்டும் எவனோ மொட்டைத் தலையனுக்கா?"

"மொதல்ல எழுதினது ஒரு பொம்பளைக்கு, அத்தை."

"எவளோ ஒருத்திக்கு! எனக்குக் கிடையாது! கூப்பிடு, இந்த ஆஸ்பத்திரியில பெரியவன் எவனோ அவனைக் கூப்பிடு!"

பக்கத்துக் கட்டிலம்மாள் கையிலிருந்த பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு வசதியாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சொல்லி வைத்தது போல் அந்த நேரம் பார்த்து டாக்டர் லாக்லன் வந்து சேர்ந்தார். சின்ன வயசு, ஹெலிகாப்டர் காற்றில் தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது. கூடவே கிளெனிஸும் வந்தாள். "என்னைக் கேட்டீங்களாமே அம்மா?" என்றார், வாசற்படியிலேயே நின்று.

"இவ ஏன் எனக்கு மருந்து எழுதக் கூடாது?"

டாக்டர் சேய்னியைப் பார்த்தார். சேய்னி கூரையைப் பார்த்தாள்.

"நர்ஸ் எழுதினா ஒத்துக்க மாட்டீங்கன்னுதானே சொன்னாங்க?"

"அதைக் கேக்கல. இவ ஏன் எழுதக் கூடாது?"

"சொந்தக்காரங்கன்னா பாசம் கண்ணை மறைச்சிடும்மா. டாக்டருக்கும் அதே விதிதான். எங்கம்மாவுக்கு நான் எழுத முடியாது. சரி, நான் வந்துட்டேனே, உங்களுக்கு நானே எழுதிடறேன்."

"நீங்க வேண்டாம்."

"காலையிலேர்ந்து என்னைத்தானே கேட்டீங்க?"

"அது காலையில."

கிளெனிஸ் ஜன்னல் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தாள். சேய்னியால் சிரிக்க முடியவில்லை. அத்தையின் கால் பக்கம் பார்த்துவிட்டு, பொங்கி அழுதே விட்டாள்.

"அத்தை, விதியை என்னால மாத்த முடியாது. யாராவது ஒருத்தர் எழுதட்டும். கோட்டைத் தாண்டிடுச்சு, பாருங்க. எனக்குப் பயமா இருக்கு. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது."

அத்தை அவளைப் பார்த்தாள். முகம் இளகிவிட்டது. தன் தலையணை உறையின் ஓரத்தை இழுத்து மருமகளின் மூக்கைத் துடைத்தாள்.

"அழாதேடி, சனியனே. நர்ஸ் அழுதா நோயாளி என்ன பண்ணுவா?" பிறகு கிளெனிஸைத் தாடையால் காட்டினாள். "அவளும் உன்கூடத்தான் பரீட்சை எழுதினாளா?"

"ஆமா அத்தை."

"யாருக்கு மார்க் ஜாஸ்தி?"

சேய்னி தயங்கினாள். "எனக்கு."

"எவ்வளவு ஜாஸ்தி?"

"கொஞ்சம்."

"கொஞ்சமெல்லாம் இல்ல," என்றாள் கிளெனிஸ். "பதினோரு மார்க். உண்மையைச் சொல்லேன்."

அத்தையின் முகத்தில் சூரியன் உதித்தது. கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து, கட்டிலின் மேல் நீட்டினாள்.

"சரி. ரெண்டாவதா வந்தவ எழுதட்டும். என் காலைத் தொட்டுப் பார்த்தது அவதான். இந்தத் தம்பி இன்னும் வாசப்படியைத் தாண்டல."

டாக்டர், "நானும் அதே மருந்தைத்தான் எழுதியிருப்பேன்" என்று சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் லாரிக்காரனைப் பார்க்கப் போய்விட்டார்.

கிளெனிஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு. உங்க ரத்தத்துல சர்க்கரை எக்கச்சக்கமா இருக்கு. நீங்க மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிட்டும் இப்படின்னா நான் டோஸை ஏத்தணும். ஒழுங்கா சாப்பிடறீங்கதானே?"

அத்தை சிரித்து, "ஆ..." என்று ஆரம்பித்தாள்.

"அத்தை," என்றாள் சேய்னி. "அந்த ஆமா வேண்டாம். நிஜத்தைச் சொல்லுங்க."

அத்தை கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பாதிதான் சாப்பிடறேன்."

"மிச்சம்?"

"என் தம்பிக்கு. எங்கப்பாவும் சர்க்கரையிலதான் போனார். இவன் டாக்டர்கிட்டயே போக மாட்டான், உனக்குத்தான் தெரியுமே. நான் என்ன பண்றது? தினம் காலையில தேங்கா ரொட்டியோட வச்சுக் குடுத்தனுப்பறேன். அக்கா குடுத்தா அவன் வேண்டாம்னு சொல்ல மாட்டான்."

"இன்னிக்கும் குடுத்தீங்களா?" என்றாள் சேய்னி.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது கையில குடுத்தேன். ரொட்டி சுடத்தான் முடியல."

சேய்னி வராந்தாவுக்கு ஓடினாள். இந்த முறை குனியவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

செமிசி நாற்காலியில் சரிந்திருந்தார். முகம் சாம்பல் நிறம், சட்டை தொப்பல். பாத்திரத்தைப் பிடித்த கை நடுங்க, மூடி கடகடவென்று அடித்துக்கொண்டது. சேய்னி அவர் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தாள். இல்லாத வியாதிக்கு மாத்திரை விழுங்கி, வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தால் சர்க்கரை வேறு எங்கே இருக்கும்? பாதாளத்தில்தான் இருந்தது. ஆரஞ்சுச் சாற்றை உறிஞ்சுகுழாயோடு வாயருகே நீட்டினாள்.

"குடிங்கப்பா! உடனே!"

அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையசைத்தார். "அக்கா... சாப்பிட்டாச்சா?"

"ஐயோ அப்பா, இப்ப அதுவா முக்கியம்? குடிங்க!"

"அக்கா சாப்பிடாம... நான் எப்படி..."

கிளெனிஸ் கதவை அகலத் திறந்துவிட்டாள். அக்காவும் தம்பியும் குரலை உயர்த்தாமலே ஒரு ஆயுசைக் கழித்தவர்கள். அன்றைக்கு இலைசானே அத்தை எழுப்பிய சத்தத்தில் வார்டின் அந்தக் கோடியில் ஒருவர் ஊன்றுகோலைக் கீழே போட்டார்.

"செமிசி! குடிடா!"

செமிசி குடித்தார். ஒரே மூச்சில் குடித்து, இரண்டாவதையும் குடித்து, சேய்னி ஊட்டிய சேப்பங்கீரையை மறுபேச்சில்லாமல் விழுங்கினார். மெல்ல மெல்ல முகத்தில் ரத்தம் திரும்பியது. பேச்சு வந்ததும் பழைய புத்தியும் வந்துவிட்டது.

"இதுக்கெல்லாம் டாக்டர் வந்து ஒரு வார்த்தை சொன்னா நல்லது..."

"வாயை மூடிட்டுச் சாப்பிடு!" என்றது உள்ளேயிருந்து குரல். "நர்ஸ் சொன்னா நர்ஸ் சொன்னதுதான்!"

சேய்னி சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

அவள் உள்ளே திரும்பியபோது கிளெனிஸ் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அத்தையின் கையில் மருந்தை ஏற்றத் தொடங்கியிருந்தாள். அத்தை காலையில் திருப்பி அனுப்பிய தட்டை வரவழைத்து மடியில் வைத்து, ஆறிப்போன முட்டையை ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"டோஸ் ஏத்தல," என்றாள் கிளெனிஸ். "ஆனா இனிமே முழுசா நீங்கதான் சாப்பிடணும். பங்கு போடக் கூடாது. தம்பிக்கு மட்டும்தானே குடுத்தீங்க?"

முட்டையைக் கொத்திய முள்கரண்டி பாதி வழியில் நின்றது.

"தம்பிக்கு ஒண்ணு," என்றாள் அத்தை. "போதகருக்கு ஒண்ணு. அவருக்கும் அடிக்கடி தாகமா இருக்குன்னார். பாவமா இருந்தது."

"போதகர் இப்ப எங்கே?"

"உபவாச ஜெபம். என் காலுக்காகத்தான். நான் குடுத்த மாத்திரையைத் தவிர நேத்திலேர்ந்து பச்சைத்தண்ணி பல்லுல படலயாம். என்னைப் பார்க்கக் கிளம்பிட்டார்னு அவர் பொண்டாட்டி போன் பண்ணினா." அத்தை முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். "அவரேதான் கார் ஓட்டிட்டு வர்றார்."

சேய்னி போனை எடுத்துப் போதகரைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜன்னலுக்கு ஓடி மேட்டுச் சாலையைப் பார்த்தாள். கார் ஒன்றும் தென்படவில்லை.

"என்னடி அங்கேயே நிக்கறே?" என்றாள் அத்தை. "வாசலுக்குப் போ. ஜூஸ் எடுத்துக்கோ, பேனாவும் எடுத்துக்கோ. அவர் நமக்குச் சொந்தமில்லையே? அப்ப அவருக்கு என்ன எழுதணுமோ, நீயே எழுது. டாக்டர் எங்கேன்னு கேட்டார்னா, நேரா என்கிட்ட வரச் சொல்லு."